டிக்கிக்குப் போகும் வழி

சொந்தக் கார் இல்லாத வீட்டிலும் புழங்கும் ஒரு கார்ச் சொல் டிக்கி. ‘பையைத் தூக்கி டிக்கியில போடுப்பா’ என்று சொல்லாத மாமா தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். இங்கிலாந்துக்காரர்கள் அந்த இடத்தை பூட் என்கிறார்கள், அமெரிக்கர்கள் ட்ரங்க் என்கிறார்கள். நமக்கு டிக்கி. வேடிக்கை என்னவென்றால், அது பெட்டி வைக்கும் இடத்தின் பெயரே அல்ல, ஆள் உட்காரும் ஒரு சீட்டின் பெயர். சீட்டு எப்போதோ போய்விட்டது. பெயர் இங்கே தங்கிவிட்டது.

குதிரை பூட்டிய கோச் வண்டிகளின் காலத்தில் எஜமானர் குடும்பம் உள்ளே உட்காரும். வேலையாட்கள் வண்டிக்கு வெளியே, பின்பக்கம் ஒட்டவைத்தாற்போல் இருக்கும் இருக்கையில் குலுங்கிக்கொண்டு வருவார்கள். அதுதான் டிக்கி. மோட்டார் வந்து குதிரைகளை அவிழ்த்துவிட்ட பிறகும் அந்த இருக்கையை விட யாருக்கும் மனம் வரவில்லை. 1920களிலும் 30களிலும் வந்த இரண்டு பேர் கார்கள் பலவற்றில், பின்னாலிருந்த தகட்டு மூடியைத் திறந்தால் உள்ளே மெத்தை இருக்கும். மூடியின் உள்பக்கமே முதுகுச் சாய்மானம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் முன்னால் இருப்பவர்கள் துணிக்கூரையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், பின்னால் இருப்பவர்கள் நனைவார்கள். அமெரிக்காவில் இதை ரம்பிள் சீட் என்றார்கள். மாமியார் சீட் என்ற கேலிப் பெயரும் உண்டு. ஜெர்மன்காரர்களும் அவர்கள் மொழியில் அதையேதான் சொன்னார்கள். மாமியாரை எங்கே உட்காரவைப்பது என்பதில் கண்டங்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை போலும்.

எனக்கு அந்தச் சீட்டைவிட அதற்குப் போகும் வழியில்தான் ஆர்வம். டிக்கிக்குக் கதவு கிடையாது. பின் மட்கார்டின் மேலும் பம்பரின் மேலும் உள்ளங்கை அகலத்தில் இரும்புப் படிகள் பதித்திருப்பார்கள். ஒரு காலை பம்பரில் வைத்து, அடுத்த காலை மட்கார்டில் வைத்து, மூடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். நீளப் பாவாடை கட்டிய பெண்களுக்கும், முழங்கால் மடங்காத முதியவர்களுக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். முன்சீட்டுக்காரருக்குக் கதவு, பின்சீட்டுக்காரருக்கு ஏணி. காரின் சரித்திரம் முழுக்க இந்த வித்தியாசம் ஏதாவது ஒரு வேடத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

அமெரிக்காவில் 1930களின் கடைசியோடு ரம்பிள் சீட் ஓய்ந்தது. பிரிட்டனில் 1946 முதல் 1949 வரை வந்த டிரையம்ஃப் ரோட்ஸ்டரில் ஒரு தடவை தலைகாட்டியது. அதில் டிக்கி மூடியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். திறந்து நிறுத்தினால் அது பின்னால் இருப்பவர்களுக்குக் காற்றுத் தடுப்பாகிவிடும். அழகான ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. குடும்பம் முழுவதும் ஒரே கூரைக்குக் கீழே போக விரும்பியது. டிக்கியில் மெத்தை போய்ப் பெட்டி வந்தது.

அப்புறம் ஐம்பது வருடம் கழித்து இந்தியாவில் நாம் ஒரு காரியம் செய்தோம். பெட்டி வைத்த டிக்கிக்குள் மறுபடியும் ஆட்களை ஏற்றினோம்.

1994இல் டாடா சுமோ வந்தது. ஜப்பான் மல்யுத்தக்காரர்களுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. டாடா மோட்டார்ஸை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்தும் குடும்பப் பெயரிலிருந்தும் முதல் எழுத்துகளை எடுத்து வைத்த பெயர் அது. முன்னால் பெஞ்சு, நடுவில் பெஞ்சு, கடைசியில் எதிரெதிராக இரண்டு சின்னப் பெஞ்சுகள். பத்துப் பேர் என்று கணக்கு. பத்தோடு நிறுத்திய சுமோவை நான் பார்த்ததில்லை. 2000இல் வந்த டொயோட்டா குவாலிஸ்தான் அந்தக் கம்பெனி இந்தியாவில் தயாரித்து விற்ற முதல் கார். இந்தோனேசியாவில் 1977 முதல் ஓடிய கிஜாங்கின் வாரிசு. கிஜாங் என்றால் அந்த ஊர் மொழியில் ஒருவகை மான். மான் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் இறங்கி, ஐந்தே வருடத்தில் நம் டிராவல்ஸ்காரர்களின் செல்லப்பிள்ளையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் கார் கிடையாது. கல்யாணம், காதுகுத்து என்றால் வாடகை வண்டி. யார் எங்கே உட்காருவது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை வந்திருந்தால் முன்சீட்டு அவருக்கு. நடுவில் ஆச்சி, தாத்தா, சம்பந்திமார். பின்னால் பிள்ளைகள், கல்யாணமாகாத சித்தப்பா, பலகாரச் சட்டி, வாழைத்தார். பின்கதவைத் திறந்து ஏற வேண்டும். ஏறியதும் வெளியிலிருந்து யாராவது கதவை ‘டமால்’ என்று சாத்துவார்கள். இறங்க வேண்டுமென்றால் அதே ஆள் வந்து திறக்கும்வரை முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பதினாறு வயதுவரை நான் அப்படித்தான் போனேன். குற்றாலத்தை நான் எப்போதும் பக்கவாட்டில்தான் அடைந்தேன்.

பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு பெல்ட்டும் கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138(3) பெல்ட் போடச் சொல்வது ஓட்டுநருக்கும், முன்சீட்டுக்காரருக்கும், முன்னோக்கிய பின்சீட்டுகளில் இருப்பவர்களுக்கும். ‘முன்னோக்கிய’ என்ற ஒரு சொல்லில் சித்தப்பாவும் நாங்களும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டோம். பிரேக் பிடித்தால் ஒருவர் மடியில் ஒருவர். அதைத்தான் நாங்கள் ஜாலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசி வரிசையை முன்பக்கமாகத் திருப்பியதும்தான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. 2005இல் வந்த இன்னோவாவில் எல்லாச் சீட்டும் சாலையைப் பார்த்தன. சரி, கடைசி வரிசைக்கு எப்படிப் போவது? பின்கதவு வழியாகப் போனால் சாய்மானத்தின் முதுகுதான் நிற்கும். பக்கக் கதவு வழியாகப் போனால் நடு சீட்டு குறுக்கே இருக்கும். ஒன்று, நடு சீட்டு வழிவிட வேண்டும். இல்லையென்றால் அதில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும்.

ஆளைக் குறைக்கும் வழியை அமெரிக்கர்கள் முன்பே எடுத்துவிட்டார்கள். 1983இன் கடைசியில் வந்த கிரைஸ்லர் மினிவேன்களில் நடு வரிசையில் இரண்டு பேருக்கான பெஞ்சுதான். அதன் வலப்பக்கம் நடந்துபோகும் அளவு சந்து விட்டிருந்தார்கள். தள்ளுகதவும் அந்தப் பக்கம் மட்டும். அங்கே வண்டி வலப்புறம் ஓடும், நடைபாதையும் வலப்புறம். பிள்ளைகள் போக்குவரத்துக்குள் இறங்காமல் நடைபாதையில் இறங்குவார்கள். நடு வரிசையில் இரண்டு தனிச் சீட்டு வைத்த நம் ஊர் கேப்டன் சீட் வண்டிகளிலும் இதே தர்க்கம்தான், சந்து நடுவில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சீட்டை விட்டுக்கொடுக்க நம் குடும்பங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. டிராவல்ஸ்காரர் அதற்கு மேல் சம்மதிப்பதில்லை. ஏழு என்றால் ஏழு. அதனால் நமக்கு வாய்த்தது மடங்கும் சீட்டு.

கடைசி வரிசைத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. செனகல் நாட்டில் ஊர்விட்டு ஊர் போகும் பழைய பெஜோ 504, 505 ஸ்டேஷன் வேகன்களுக்கு ‘செட் பிளாஸ்’ என்று பெயர், ஏழு இடம் என்று பொருள். அங்கே கடைசி வரிசைக்காரர் இறங்க வேண்டுமென்றால் நடு வரிசைக்காரர்கள் மூவரும் அசைந்தாக வேண்டும். கடைசியில் வந்தவருக்குக் கடைசிச் சீட்டு. நம் சுமோக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மடங்கும் சீட்டை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தால் தச்சர் வீட்டு வேலைபோல அடுக்கடுக்காக இருக்கும். தோள் பக்கத்தில் அல்லது இடுப்புப் பக்கத்தில் ஒரு லிவர். இழுத்தால் உள்ளே சைக்கிள் பிரேக்கில் இருப்பதுபோன்ற கேபிள் ஒன்று சாய்மானத்தின் கீல்பல்லை விடுவிக்கும். ஸ்ப்ரிங் அதை மெத்தைமேல் மடக்கும். மடங்கி முடியும் அந்தக் கணத்தில் இரண்டாவது கேபிள் இழுபட்டு, தரையிலிருக்கும் கம்பியை இறுகக் கவ்வியிருந்த பின்கொக்கிகள் வாய் திறக்கும். உடனே சீட்டு முழுவதும் முன்கால்களை ஊன்றி, தலைகுப்புற முன்பக்கம் எழுந்து நிற்கும். இதைத்தான் கம்பெனிக்காரர்கள் டம்பிள் என்கிறார்கள், நம் டிரைவர்கள் ‘சீட்டைக் கவுத்து’ என்கிறார்கள். இன்னொரு வகை உண்டு. எர்டிகாவில் சாய்மானம் சாய்ந்துகொண்டே சீட்டு தண்டவாளத்தில் முன்னே நகரும், கவிழாது. கவிழ்கிற சீட்டு விடும் வழி அகலம், நகர்கிற சீட்டு விடும் வழி குறுகல். ஆனால் நகர்கிற சீட்டு தலையில் விழாது.

விழும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாங்குநேரியிலிருந்து திருச்செந்தூருக்கு ஒரு கல்யாணப் பயணம். வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, வாடகை வண்டி. சரிவான இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். என் சித்தி மகன் லிவரை இழுத்துச் சீட்டைக் கவிழ்த்தான், அது நின்றது. ஆச்சி அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குள் ஒரு காலை வைத்தார். வண்டி முன்பக்கம் உயர்ந்து நின்றதால் சீட்டு மெல்லப் பின்னால் வந்தது. ஆச்சி காலை எடுத்துவிட்டார். சித்தி மகன் விரலை எடுக்கவில்லை. நகம் ஒரு மாதம் கருநீலமாக இருந்தது.

அன்றைக்கு எங்களோடு வந்த டிரைவர் அண்ணாச்சி கோபப்படவில்லை. வண்டியைச் சமதரையில் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கோவில் பூசாரி முறை சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஹெட்ரெஸ்ட்டைக் கீழே அமுக்கு, இல்லையென்றால் முன்சீட்டில் முட்டிக்கொண்டு பாதியில் நிற்கும். மெத்தைமேல் கிடக்கும் பெல்ட் பக்கிளை ஓரமாகத் தள்ளு. சீட்டுக்குக் கீழே தண்ணீர் பாட்டில், செருப்பு எதுவும் இருக்கக் கூடாது, கொக்கி விழும் இடத்தில் ஒரு கடலைத் தோடு கிடந்தாலும் அது சரியாகக் கவ்வாது. ஒரு கை லிவரில், இன்னொரு கை சாய்மானத்தின் மேல் விளிம்பில். கீல் பக்கம் கை போகவே கூடாது. ‘ஆச்சி, நீங்க சீட்டப் பிடிக்காதீங்க, கூரைக்கிட்ட ஒரு பிடி இருக்கு பாருங்க, அதப் பிடிங்க.’ ஆள் ஏறி முடிக்கும்வரை ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். திருப்பி விடும்போது கையால் இறக்க வேண்டும், தொப்பென்று விடக் கூடாது. ‘டக்’ என்று ஒலி கேட்க வேண்டும், ஒன்றல்ல, இரண்டு: தரைக் கொக்கி ஒன்று, சாய்மானம் ஒன்று. அப்புறம் சாய்மானத்தைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பூட்டு விழாவிட்டால் லிவர் பக்கத்தில் சிவப்புக் கோடு தெரியும், அது மறைந்தால் சரி. ‘இவ்வளவும் செஞ்சிட்டு ஒக்காருங்க, நான் நிம்மதியா ஓட்டுவேன்’ என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு எத்தனையோ காரின் கையேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எதிலும் இல்லை.

அவர் ஆட்டிப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மடங்கும் சீட்டு என்பது பூட்டு போட்ட கதவு மாதிரி. பூட்டு சரியாக விழாவிட்டால் அது சீட்டே அல்ல, ஆளை உட்காரவைத்த கவண். 1968இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கார்ப் பாதுகாப்பு விதிகளில் 207ஆம் எண் விதி சீட்டுகளைப் பற்றியது. மடங்கும் சீட்டு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், மடங்கும் பாகத்தின் எடையைப்போல் 20 மடங்கு விசை முன்னால் இழுத்தாலும் பூட்டு விடக் கூடாது என்கிறது. ஐரோப்பாவும் பல நாடுகளும் ஏற்றுக்கொண்ட ஐ.நா.வின் 17ஆம் எண் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 18 கிலோ எடையுள்ள இரண்டு கனசதுரக் கட்டைகளைச் சீட்டின் பின்னால் வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதியதுபோல் நிறுத்துகிறார்கள். கட்டைகள் சாய்மானத்தைப் பிய்த்துக்கொண்டு வரக் கூடாது. நம் வாழைத்தாரும் பலகாரச் சட்டியும்தான் அந்தக் கட்டைகள்.

விதி இருந்தும் கொக்கி ஏமாற்றும். 2017 நவம்பரில் ஹோண்டா, அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் ஒடிஸி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2011 முதல் 2017 வரையிலான மாடல்கள். கழற்றி மாட்டவும் பக்கவாட்டில் நகர்த்தவும் முடிகிற நடு வரிசைச் சீட்டுகள் அவை. மாட்டியவர் சரியாகப் பூட்டாமல் விட்டால், பிரேக் பிடிக்கும்போது சீட்டு முன்னால் கவிழ வாய்ப்பிருந்தது. மாட்டியவர் ‘மாட்டிவிட்டேன்’ என்றுதான் நினைத்திருப்பார். ஆட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த வருடம் ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் நடந்தது வேறு வகை. 2004ஆம் வருட ஒடிஸியில் கடைசிச் சீட்டு பின்பக்கம் கவிழ்ந்து தரைக் குழிக்குள் மறையும். பள்ளி வண்டி நிறுத்துமிடத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், பின்னாலிருந்த விளையாட்டுச் சாமான்களை எடுக்க அந்தச் சீட்டின் மேலாக எட்டினான். சீட்டு அவனோடு பின்னால் கவிழ்ந்தது. தலைகீழாகச் சிக்கிக்கொண்டான். கை போனை எட்டவில்லை, குரலாலேயே போனை இயக்கி அவசர உதவியை இரண்டு தடவை அழைத்தான். போலீஸ் வந்தது, வண்டியைக் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போனது. அன்றிரவு அவன் அப்பாதான் போய்ப் பார்த்தார். இதைப் படித்த நாளிலிருந்து கடைசி வரிசைமேல் ஏறி டிக்கிச் சாமானை எடுக்கும் பிள்ளைகளை நான் சும்மா விடுவதில்லை. பின்கதவைத் திற, கீழே நின்று எடு.

இந்த 207ஆம் விதியில் எனக்குப் பிடித்த பகுதி எடைக் கணக்கு அல்ல. அதில் ஒரு சிறு பிரிவு இருக்கிறது. மடங்கும் சீட்டின் பூட்டை விடுவிக்கும் பிடி அதில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்ட வேண்டும், அதோடு, வண்டியைவிட்டு இறங்க அந்தப் பிடி தேவைப்படுமானால் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் எட்ட வேண்டும். இரண்டு கதவுக் கார்களை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். ஆனால் வேலையாட்களை வெளியே ஒட்டவைத்த கோச் வண்டியிலிருந்து எங்கள் சுமோவரை வந்த பாதையில், கடைசியில் இருப்பவரின் கையைப் பற்றி யாரோ ஒருவர் யோசித்த இடம் அதுதான். வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவுகிறார்கள். நானானால் கடைசி வரிசையில் ஏறி, எல்லாக் கதவையும் சாத்தச் சொல்லி, நானே நடு சீட்டைக் கவிழ்த்து இறங்க முடிகிறதா என்று பார்ப்பேன். தண்ணீரில் விழுந்தாலும் தீப்பிடித்தாலும் முதலில் தேடப்போவது அந்தப் பிடியைத்தான்.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 2019 முதல் வெளிவரும் ரெனோ டிரைபர் இந்தக் கணக்கை இன்னும் நெருக்கமாகப் போட்டுப் பார்த்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளம், அதில் ஏழு பேர். கடைசி இரண்டு சீட்டுகளும் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும். மாட்டியிருந்தால் டிக்கியில் 84 லிட்டர்தான் இடம், கழற்றினால் 625 லிட்டர். டிக்கியில் ஆளா, பெட்டியா என்ற நூறு வருடக் கேள்வியைக் குடும்பத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கழற்றிய சீட்டை அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது பால்கனியில் இருக்கிறது, தாத்தா அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

2022இல் வந்த கியா கேரன்ஸில் லிவரும் போய் பட்டன் வந்துவிட்டது. தொட்டால் சீட்டு தானே கவிழும். வலுவில்லாத கைகளுக்கு நல்லதுதான். ஆனால் பட்டனுக்கு யார் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதனால் அழுத்துகிறவர் இன்னும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். குழந்தை சீட்டு மாட்டும் வீடுகளுக்கு வேறு தலைவலி. ஐசோஃபிக்ஸ் கொக்கியில் குழந்தை சீட்டை மாட்டிவிட்டால் நடு சீட்டைக் கவிழ்க்க முடியாது. அமெரிக்காவில் 2013 மாடல் நிசான் பாத்ஃபைண்டரில் குழந்தை சீட்டை மாட்டியபடியே முன்னால் நகர்த்தும் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். அது இல்லாத வண்டியில் ஒரே யோசனைதான் எனக்குத் தெரியும்: குழந்தை சீட்டை வலப்பக்கம் மாட்டுங்கள், வழி இடப்பக்கம் இருக்கட்டும். நம் சாலையில் இடப்பக்கம்தான் பிளாட்பாரம்.

போன மாதம் மறுபடியும் திருச்செந்தூர் போனோம். புது வண்டி, எல்லாச் சீட்டும் முன்னோக்கி, எல்லாருக்கும் பெல்ட். ஆச்சி இப்போது இல்லை. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது, கடைசி வரிசை அவளுக்கு. கிளம்பும் முன்பே நடு சீட்டின் முதுகில் தொங்கிய நாடாவைக் காட்டி, இது எதற்கு என்று சொல்லிக்கொடுத்தேன். வழியெல்லாம் பாட்டு, சாக்லேட், தூக்கம். ஊர் எல்லை வந்ததும் கோபுரம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“டிரைவர் மாமா, நான் இழுக்கட்டா?”

“வண்டி நிக்கட்டும் பாப்பா. நின்னதும் நான் சொல்லுதேன், நீயே இழு.”